நின்ற உலையும் சுடும்

அணு மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அதை எப்படி சார் ஸ்டார்ட் பண்ணுவீங்க?" கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்பார். கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டால் பொறியியல் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். "நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எழுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறது என்றால், யாரும் கேட்காத இந்தக் கேள்விக்கான பதில்தான் அது.

உலையை நிறுத்துவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பட்டனை அழுத்தினால் சில விநாடிகளில் அணுப்பிளவு அடங்கிவிடும். ஆனால் அதுவரை பிளந்த அணுக்களின் துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கும். அவை சிதைந்து சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த எந்தப் பட்டனும் கிடையாது. எங்கள் பேச்சில் அதற்கு டிகே ஹீட் என்று பெயர். முழுத் திறனில் ஓடிய உலை நின்ற மறுகணத்தில், அந்தத் திறனில் ஆறேழு சதவீதம் சூடாக மிஞ்சி நிற்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கும். ஒரு நாள் கழிந்த பிறகும் அரை சதவீதம் பாக்கி இருக்கும்.

அரை சதவீதம்தானே என்று தோன்றும். நம் நாட்டின் 220 மெகாவாட் கனநீர் உலையின் வெப்பத் திறன் சுமார் 750 மெகாவாட். அதில் அரை சதவீதம் என்றால், வாளித் தண்ணீரில் போடுகிற இமெர்ஷன் ஹீட்டர்கள் மூவாயிரத்தை ஒரே அறையில் எரியவிட்டு, சுவிட்சைத் தொலைத்துவிட்டது மாதிரி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் நின்றால் எரிபொருள் உருகும்.

1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டிலும் 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் நடந்தது அதுதான். இரண்டு இடத்திலும் உருகியவை நின்றுபோன உலைகள். ஃபுகுஷிமாவில் பூமி குலுங்கியதும், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. மூன்றும் உருகின.

எந்த வேலையையும் தொடங்க ஆள் கிடைக்கும். மாலை போட்டு, படம் எடுத்து, நாடா வெட்டித் தொடங்குவார்கள். நிறுத்தவும் ஆள் கிடைக்கும். நின்ற பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவன்தான் கிடைக்கமாட்டான். உலைப் பொறியாளரின் தொழிலே அப்படி உட்காருவதுதான்.

இருட்டில் ஒரு வால்வு

எழுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் முடித்துவிட்டு ட்ராம்பேயில் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். நம் அணுசக்தித் திட்டத்துக்கு வித்திட்ட ஹோமி பாபா 1957-இல் தொடங்கிய பள்ளி அது. இயற்பியல் படித்தவனும் வேதியியல் படித்தவனும் மெக்கானிக்கல் படித்தவனும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஒரு வருஷம் படிப்பு, அடிக்கடி பரீட்சை. ஆசியாவின் முதல் ஆராய்ச்சி உலையான அப்சராவை அங்கேதான் பார்த்தேன். 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய உலை. குளம் மாதிரி தண்ணீர், அதன் அடியில் நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளைக்குத் தங்களை விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டு திரிவார்கள். மின் நிலையத்துக்கு அனுப்பியதும் அந்த நினைப்பு போய்விடும்.

மின் நிலையத்தில் முதல் வேலை நடப்பதுதான். கையில் டார்ச், சட்டைப்பையில் சின்ன நோட்டு. ஒரு குழாயைப் பிடித்தால் அது எங்கே கிளம்பி, எந்தச் சுவரைத் துளைத்து, எந்தத் தொட்டியில் போய் விழுகிறது என்று கூடவே நடக்க வேண்டும். நடந்ததை ராத்திரி உட்கார்ந்து படமாக வரைய வேண்டும். என்னைப் பழக்கிய சீனியர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் என் படத்தைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். மேல் தளத்துக்கு ஏறும் படிக்கட்டில் நின்று, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார்.

"இப்ப, நீ வரைஞ்சியே, அந்த வால்வுக்குப் போ."

"லைட் இல்லாமலா சார்?"

"லைட் இருந்தா யார் வேணும்னாலும் போவான்."

கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினேன். எத்தனையாவது படியில் திரும்ப வேண்டும், எந்தக் குழாய் சூடாக இருக்கும், எந்த இடத்தில் தலை இடிக்கும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் உடம்புக்குத் தெரிந்தது. காகிதத்தில் வரைந்ததும் உடம்பில் ஏறியதும் வேறு வேறு. எழுத்துப் பரீட்சை, நிலையத்துக்குள் நடத்தியே கேட்கும் பரீட்சை, பிறகு நேர்முகம் என்று எல்லாம் தாண்டினால்தான் கன்ட்ரோல் ரூமில் உட்கார உரிமம் கிடைக்கும். கிடைத்த உரிமத்துக்கும் காலக்கெடு உண்டு. மறுபடி பரீட்சை எழுதித்தான் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிக்கிற அப்பாவைப் பார்த்து என் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

அந்த இருட்டுப் பயிற்சியின் அருமை 1993-இல் நாடு முழுவதும் இருந்த எங்கள் துறைக்காரர்கள் எல்லாருக்கும் புரிந்தது. மார்ச் 31 அதிகாலை. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் முதல் அலகின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் முறிந்தன. முறிந்தவை மற்ற பிளேடுகளை வெட்ட, டர்பைன் தாறுமாறாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களில் பரவியது. உலையை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கேபிள்கள் எரிந்ததால் பம்புகளுக்குப் போக வேண்டிய மின்சாரம் அறுந்தது. கன்ட்ரோல் ரூமுக்குள் புகை புகுந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பதினேழு மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை.

நின்ற உலை சுட்டுக்கொண்டிருந்தது. ஊழியர்கள் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கிளப்பி நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். சிலர் டார்ச்சோடு உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, கையாலேயே வால்வுகளைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். உலை மறுபடி உயிர்பெறாமல் இருக்க அது காப்பு. எரிபொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதிரியக்கம் வெளியே போகவில்லை. அதன் பிறகு கேபிள் பாதைகளைப் பிரித்துப் போடுவது, தீத்தடுப்பு அமைப்பது என்று எத்தனையோ திருத்தங்கள் வந்தன. அன்று ஏறியவர்களின் கால்களுக்கு அந்தப் படிகள் முன்னமே பழகியிருந்தன. ஆபத்து வந்த பிறகு வழி கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஒன்றும் நடக்காத நாட்களில் சலிக்காமல் நடந்ததுதான் அன்று உதவியது.

கல்பாக்கம் அணு மின் நிலையத்துக்கும் அப்படி ஒரு காலை வந்தது. 2004 டிசம்பர் 26. கடலுக்கடியில் போகும் சுரங்கத்தின் வழியே வந்த சுனாமி வெள்ளம் பம்ப் ஹவுஸை நிரப்பியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகை நிறுத்தினார்கள். உலைக் கட்டடம் உயரத்தில் இருந்ததால் கடல் அங்கே எட்டவில்லை; டீசல் ஜெனரேட்டர்களும் தப்பின. ஆனால் ஊழியர்கள் குடியிருந்த டவுன்ஷிப்புக்குள் கடல் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. வீட்டில் என்ன ஆயிற்றோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்காக நின்ற உலையை விட்டு எழுந்து போய்விட முடியாது. இந்தத் தொழிலில் தைரியம் என்றால் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது.

விட்டுப்போனவர்களின் வேலை

எங்கள் தலைமுறைக்கு இந்தத் தொழிலின் முகம் எம்.ஆர். சீனிவாசன். 1930-இல் பெங்களூரில் பிறந்தவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் கரை கண்டது கேஸ் டர்பைனில். 1955 செப்டம்பரில் அணுசக்தித் துறையில் சேர்ந்து, அடுத்த வருஷமே அப்சரா வேலையில் இருந்தார். 1959-இல் நாட்டின் முதல் அணு மின் நிலையத்துக்கான முதன்மைத் திட்டப் பொறியாளர். 1967-இல் கல்பாக்கம் மின் நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியாளர். வாங்கிய பட்டம் ஒன்று, வாழ்நாள் வேலை இன்னொன்று. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை என்று குமைகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அவர் கதைதான்.

ஆனால் அவரிடம் கற்க வேண்டிய பெரிய பாடம் 1974-இல் இருக்கிறது. ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் கனடாவின் உதவியோடு இரண்டு உலைகள் கட்டிக்கொண்டிருந்தோம். முதல் உலை 1973 டிசம்பரில் மின் உற்பத்திக்கு வந்துவிட்டது. இரண்டாவது பாதியில் நின்றது. 1974 மே 18-இல் பொக்ரானில் அணுச் சோதனை நடந்தது. கனடாக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். வடிவமைப்பு அவர்களுடையது, பாதிச் சாமான்கள் அவர்களிடமிருந்து வர வேண்டியவை. அதே வருஷம் மின் திட்டப் பொறியியல் பிரிவின் இயக்குநர் பொறுப்பு சீனிவாசனிடம் வந்தது.

அந்த வருஷத்து மனநிலையைப் புதிதாக வேலைக்கு வந்தவனாக நான் பார்த்திருக்கிறேன். ஆத்திரப்பட்டவர்கள் இருந்தார்கள், இத்தோடு முடிந்தது என்றவர்களும் இருந்தார்கள். ஆத்திரத்தால் ஒரு வால்வுகூடத் திறக்காது. ஏற்கெனவே ஓடும் உலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பாதியில் கிடப்பதையும் முடிக்க வேண்டும், கல்பாக்கத்தில் சொந்தமாகவே கட்ட வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகள் அதுவரை தொட்டுப் பார்க்காத துல்லியத்துக்கு உலைப் பாகங்களைச் செய்து பழகின. செய்து, சோதித்து, கழித்துப் போட்டு, மறுபடி செய்தார்கள். ராவத்பாட்டாவின் இரண்டாம் உலை 1981-இல் மின் உற்பத்திக்கு வந்தது. கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலை 2-இல் இயங்கத் தொடங்கியது; இரண்டாவது 1985 ஆகஸ்டில்.

தன் கையால் தொடங்கிய வேலையை முடிப்பதில் ஒரு சுகம் உண்டு. அடுத்தவன் பாதியில் போட்டுவிட்டுப் போனதை முடிப்பதில் அந்தச் சுகம் கிடையாது. திட்டிக்கொண்டேதான் முடிக்க வேண்டியிருக்கும். முடித்த பிறகும் பேர் தொடங்கியவனுக்குத்தான். ஆனாலும் உலகத்து வேலைகளில் பெரும்பங்கு இந்த ரகம்தான். அப்பா வைத்த கடன், அண்ணன் தொடங்கிய கடை, முந்தின மேனேஜர் குழப்பிய கணக்கு. இதற்கு நான் எதுக்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்: அந்தச் சூடு யார் மூட்டியது என்பது அங்கே இருக்கிற தண்ணீருக்குத் தெரியாது. ஆற்ற வேண்டியது ஆற்றித்தான் ஆக வேண்டும்.

சீனிவாசன் 1987-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். அதே வருஷம் உருவான இந்திய அணுமின் கழகத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். ஓய்வுக்குப் பிறகும் திட்டக் குழு, தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போனார். பத்திரிகைகளில் எழுதினார். பிற்காலத்தில் ஊட்டியில் இருந்தார். 2025 மே 20-இல் அங்கேயே, 95 வயதில் மறைந்தார். நாற்காலியை விட்ட பிறகும், தான் கட்டியவற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் கடமை தனக்கு இருப்பதாக நினைத்த மனிதர் அவர்.

எழுதாமல் விட்டது என்ன?

எங்கள் வாழ்க்கை ஷிஃப்டில் ஓடியது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறோம். மார்பில் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ். வெளியே வரும்போது கையையும் காலையும் மானிட்டரில் வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தான் வீடு. இதெல்லாம் பழகிவிடும். பழகக் கூடாத ஒன்று உண்டு. அது ஷிஃப்டை ஒப்படைப்பது.

எட்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். வாசலில் பஸ் நிற்கும். லாக்புக்கில் எல்லாம் எழுதியாகிவிட்டது. வந்தவன் படித்துக்கொள்வான் என்று தோன்றும். டார்ச்சை அணைத்த அந்தச் சீனியர் மட்டும் எழுந்திருக்கமாட்டார். ஒரு நாள் அவரிடம் பொறுப்பு வாங்கும்போது, "லாக்புக் படிச்சிட்டேன் சார், நீங்க கிளம்பலாம்" என்றேன்.

"படிச்சது இருக்கட்டும். எழுதாம விட்டது என்னன்னு கேளு."

கேட்டேன்.

"ரெண்டாவது பம்ப் சத்தம் மாறியிருக்கு. மீட்டர்ல ஒண்ணும் காட்டல, அலாரமும் வரல. எனக்கு என்னவோ சரியாப் படல. ராத்திரி ரெண்டு தடவை பக்கத்துல போய் நின்னு கேளு."

போய் நின்று கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லி வைத்து, அடுத்த வாய்ப்பில் பிரித்துப் பார்த்தபோது பேரிங் தேய்ந்திருந்தது. மீட்டருக்கு முன்னால் அவர் காதுக்குத் தெரிந்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை. அனுபவம் உள்ளவர்கள் காது அப்படித்தான். தெரிந்ததைத் தன்னோடு பஸ் ஏற்றிக்கொண்டு போகாமல், உறுதியில்லாத ஒரு சந்தேகத்தைக்கூட அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாரே, அதுதான் பெரிது. உறுதியாகத் தெரிந்ததை எல்லாரும் எழுதி வைப்பார்கள். உறுதியில்லாததைச் சொன்னால் நம்மை என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். பெரிய விபத்துகள் அந்த மௌனத்தில்தான் வளர்கின்றன.

அவசரத்துக்கு உலை மசியாது

உலை திடீரென நின்றுவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். செனான் என்று ஒரு வாயு. அணுப்பிளவின் மிச்சத்திலிருந்து உண்டாகி, உலையை ஓட்டும் நியூட்ரான்களை விழுங்கும். உலை ஓடும்போது அது உண்டாவதும் அழிவதும் சரிக்குச் சரியாக இருக்கும். உலை நின்றதும் அழிவது குறைந்து, உண்டாவது தொடரும். கனநீர் உலையில் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி கிளப்பினால் சரி. தவறினால் செனான் மேலேறிவிடும். பிறகு ஒன்றரை நாள் போலக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதில்தான் ஆளை எடை போடலாம். ஒரு பக்கம் போன் அடிக்கும். "எப்ப சார் வரும்? இங்க லோடு ஷெட்டிங் போட்டாச்சு" என்று கேட்பார்கள். நின்றதற்கான காரணம் பாதி புரிந்த மாதிரி இருக்கும். கிளப்பிவிடலாம் என்று கை துடிக்கும். காரணம் முழுக்கத் தெரியாமல் கிளப்பக் கூடாது என்பது விதி. "தெரியல சார், நாளை மறுநாள்தான்" என்று போனில் சொல்ல நாக்கு கூசும். சொல்லிப் பழக வேண்டும். 1986-இல் செர்னோபிலில் திறன் விழுந்து செனான் ஏறிய உலையை அப்படியே விட்டுவிடாமல், கட்டுப்பாட்டுக் கோல்களைப் பெரும்பாலும் வெளியே இழுத்துச் சோதனையை முடித்துவிடப் பார்த்தார்கள். அந்த அவசரமும், அந்த உலையின் வடிவமைப்பில் இருந்த கோளாறும் சேர்ந்து செய்ததை உலகம் பார்த்தது.

நேற்று வரை எப்படி ஓடினோம் என்பதைப் பொறுத்துத்தான் இன்றைக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது. சண்டை போட்ட மறுநாளே உறவு பழையபடி ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களும், தோற்ற வியாபாரத்தை அடுத்த மாதமே வேறு பெயரில் தொடங்குகிறவர்களும் என்னிடம் யோசனை கேட்டால், கொஞ்சம் ஆறப் போடுங்கள் என்பேன். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒன்றரை நாளில் நாங்கள் தூங்கியதில்லை. ஏன் நின்றது என்று தேடிக்கொண்டிருந்தோம்.

கல்பாக்கத்தின் கதை இன்னும் நீளமானது. எண்பதுகளின் கடைசியில் இரண்டு உலைகளிலும் கனநீரை உள்ளே கொண்டுவரும் குழாய் அமைப்பு உடைந்தது. உள்ளே ஆள் போக முடியாத இடம். பொறியாளர்கள் நீர் ஓட்டத்தை மாற்றி அமைத்து, 220-க்குப் பதில் 170 மெகாவாட் அளவில் ஓட்டினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான். குறைந்த திறனில் ஓடுவதில் பெருமை இல்லை. ஆண்டறிக்கையில் எடுப்பாகவும் இருக்காது. பிறகு 2000-க்குப் பின், உலையின் 306 குளிர்விப்புக் குழாய்களையும் மொத்தமாக மாற்றியபோது இந்தக் கோளாறையும் சரிசெய்து பழைய திறனுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படிப்பட்ட வேலைகளுக்கு வெளியே ஒரு மாதிரி வடிவம் செய்துவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். கதிர்வீச்சு உள்ள இடத்தில் ஒருவர் சில நிமிஷம்தான் நிற்கலாம் என்றால், அந்தச் சில நிமிஷ வேலையை வெளியே நாள்கணக்கில் செய்து பழகுவார்கள். எந்தக் கையில் ஸ்பேனர், எந்தப் பக்கம் திரும்புவது, யார் யாருக்குச் சைகை காட்டுவது என்பதுவரை. உள்ளே போகிறவர்களில் இன்ஜினியரை விட வெல்டரும் ஃபிட்டரும் ஒப்பந்தத் தொழிலாளியும்தான் அதிகம். ஒத்திகை சரியாக நடந்ததா என்பது அவர்கள் உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அளவில் தெரிந்துவிடும். மேலே இருப்பவனின் சோம்பலுக்குக் கீழே இருப்பவனின் உடம்பு விலை கொடுக்கும். இது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். எங்கள் தொழிலில் அதற்கு மீட்டர் உண்டு.

கல்பாக்கத்திலேயே இருக்கும் இன்னொரு உலை, வேகப் பெருக்கிச் சோதனை உலை. தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியத்தால் குளிர்வது. 1985 அக்டோபர் 18-இல் சின்ன உலைக்கருவோடு இயங்கத் தொடங்கியது. வடிவமைத்தபோது குறித்த 40 மெகாவாட் வெப்பத் திறனை அது எட்டியது 2022 மார்ச்சில். நடுவில் முப்பத்தாறு வருஷம். முதல் நாள் கைதட்டியவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்க இல்லை. யுரேனியத்தில் தொடங்கி, வேகப் பெருக்கியில் வளர்ந்து, நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியத்தில் போய் முடிய வேண்டும் என்று பாபா போட்ட மூன்று கட்டத் திட்டமே ஒரு ஆயுளுக்குள் அடங்காதது. கடைசிப் படியைத் தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே முதல் படியைக் கட்டுவது என்பதற்குத் தனி மனசு வேண்டும்.

மீனவர்கள் கேட்ட கேள்வி

2011-இல் கூடங்குளம் அணு மின் நிலையத்தை எதிர்த்து, பக்கத்து இடிந்தகரையில் ஜனங்கள் திரண்டு உட்கார்ந்தபோது, எங்கள் ஆட்கள் பலருக்கு வருத்தம். படிப்பில்லாதவர்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. 2004-இல் கடல் பொங்கியதைத் தங்கள் கரையிலேயே பார்த்தவர்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவை டிவியில் பார்த்தவர்கள். அவர்கள் கேட்டது மீனைப் பற்றி, கடலைப் பற்றி, கழிவைப் பற்றி. நாங்கள் காங்கிரீட்டின் கனத்தைச் சொன்னோம், பாதுகாப்பு அமைப்புகளை அடுக்கினோம். சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. ஏதாவது ஆனால் நீங்கள் இங்கே இருப்பீர்களா, டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்களா என்பது அது.

எரிந்து முடிந்த எரிபொருளை வருஷக்கணக்கில் தண்ணீர்க் குளத்தில் வைத்து ஆற்ற வேண்டும். அதிலிருந்து பிரியும் கடும் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலத்தில் அடைத்துக் காக்க வேண்டும். அந்தக் காவல் காலம் எந்தப் பொறியாளரின் பணிக்காலத்தையும் விட நீளம். அப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவன், பயப்படுகிறவர்களைப் பார்த்து எரிச்சல் படக் கூடாது. நிதானமாக உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வதும் ஒரு குளிர்விப்புதான். அதுவும் இடையில் நிற்கக் கூடாது.

விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா என்ற கேள்வி மற்றத் தொழில்களுக்கும் உண்டு. என் பேரன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். போன மாதம் வேறு கம்பெனிக்கு மாறினான். சந்தோஷமாகப் போன் பண்ணினான்.

"தாத்தா, லேப்டாப்பை ஒப்படைச்சாச்சு. இனிமே அது அவங்க தலைவலி."

"நீ எழுதின ப்ரோக்ராம் இன்னும் ஓடுதாடா?"

"ஓடும் தாத்தா. ஆஸ்பத்திரி பில்லிங். ராத்திரி பகல் ஓடும்."

"அப்புறம் எப்படிடா அது அவங்க தலைவலி மட்டும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனி மாறினப்புறம் பழைய வேலையைப் பார்க்க முடியாது தாத்தா, அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கு" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். நான் ஒரே துறையில் கிடந்தது என் காலத்து வழக்கம். அதை அவன் தலையில் கட்டுவது சரியில்லை. வேலை மாறுங்கள். நல்ல சம்பளம் வந்தால் போங்கள். உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துவராத இடத்தில் கிடந்து மாய வேண்டாம்.

போகிற வாரத்தில் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். எழுதி வைத்தது போக, எழுதாமல் விட்டது என்ன என்று உங்களையே கேளுங்கள். எந்த இடம் உங்களுக்கே சந்தேகம், எது எப்போதாவது மக்கர் பண்ணும், எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அடுத்து உட்காரப்போகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்லும்வரை பஸ் ஏறாதீர்கள். போன பிறகு சில மாதத்துக்குப் பழைய இடத்திலிருந்து போன் வந்தால், முகம் சுளிக்காமல் எடுங்கள். ரகசியம் எதையும் சொல்ல வேண்டாம். வழி சொன்னால் போதும். சம்பளம் வராத அந்தப் பத்து நிமிஷப் பேச்சில்தான் நீங்கள் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்பது தெரியும்.